ரிட்டர்ன் கிஃப்டா குட்டி டார்ச் குடுக்கலாமா? 40 பசங்க, தலைக்கு 60 ரூபா பட்ஜெட்

மடிப்பாக்கம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு டிசம்பர் ரெண்டாவது வாரம் 7 வயசு முடியுது, எங்க அபார்ட்மென்ட் ஹால்லயே சிம்பிளா பண்ணலாம்னு இருக்கோம், ஸ்கூல் பசங்க ஃப்ளாட் பசங்க எல்லாம் சேத்து 40 பேர் வருவாங்க. பென்சில் பாக்ஸ், தண்ணி பாட்டில், டிபன் டப்பான்னு எல்லாரும் எல்லாருக்கும் குடுத்து எல்லா வீட்லயும் அதேதான் குமிஞ்சு கெடக்கு. இந்த தடவை அவனே கேட்டான், "அம்மா எல்லாருக்கும் டார்ச் குடுப்போம், லைட்ட அணைச்சிட்டு தேடற வெளையாட்டு வெளையாடலாம்"னு. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் யூஸ் ஆகும்ல.

போன வாரம் பாரிஸ் கார்னர் மொத்தக் கடைங்க பக்கம் போனப்ப நாராயண முதலி தெருவுல பாத்தேன். கீசெயின்ல மாட்டற குட்டி லைட் 12 ரூபா, வெரல்ல மாட்டிக்கற கலர் லைட் 4 சேந்த அட்டை 20 ரூபா, அப்பறம் பெரிய சைஸ் டார்ச் 45லேர்ந்து இருக்கு. சாம்பிளுக்கு கீசெயின் லைட்டும் வெரல் லைட்டும் ஒண்ணொண்ணு வாங்கிட்டு வந்தேன், ரெண்டும் நல்லா எரியுது. 12 ரூபாய்க்கே வேல முடிஞ்சா மிச்ச காசுல ஒரு சாக்லேட், ஒரு கதை புக் சேத்து வெக்கலாமேன்னு தோணுது. இதுக்கு முன்னாடி யாராவது டார்ச் குடுத்திருக்கீங்களா, எது நிக்கும், எது ரெண்டு நாள்ல போயிடும்னு சொல்லுங்களேன்.

சௌகார்பேட்டை_ரெகுலர்:
நல்ல ஐடியா சிஸ்டர். நான் வருஷத்துக்கு நாலஞ்சு ஃபங்ஷனுக்கு அங்கதான் எடுக்கறேன். ஒரு விஷயம், ரோட்ட பாத்த கடையில கேக்காதீங்க, உள்ள மாடிப்படி ஏறிப் போற கடைங்கள்லதான் டஜன் ரேட் கெடைக்கும், 3 டஜன் 4 டஜன்னு சொன்னாலே பேச ஆரம்பிச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, வாரநாள்ல 11 மணிக்குள்ள போயிடுங்க, மத்தியானத்துக்கு மேல மூட்டை எறக்கற வண்டியும் தலைச்சுமையுமா நடக்கவே எடம் இருக்காது. 7 வயசு பசங்களுக்கு கீசெயின் லைட்டே போதும், ஸ்கூல் பேக்ல மாட்டிக்கும்ங்க, அதுதான் பசங்களுக்குப் பிடிக்கும். நான் போன வருஷம் அக்கா பொண்ணு பர்த்டேக்கு 50 பீஸ் அதான் எடுத்தேன்.

நர்ஸக்கா_மதுரை:
தங்கச்சி, தயவுசெஞ்சு அந்த 12 ரூபா லைட்டையும் வெரல் லைட்டையும் வாங்காதம்மா. நான் குழந்தைங்க வார்டுல 14 வருஷமா நர்ஸா இருக்கேன், இத படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

அதுக்குள்ள இருக்கறது பட்டன் செல். வெரல் லைட்ல சட்டப் பித்தான் சைஸ்ல மூணு இருக்கும், கீசெயின் லைட்ல ஒரு ரூபா காசு மாதிரி தட்டையா ஒண்ணு இருக்கும். அந்தத் தட்டை செல் 20 மில்லிமீட்டர் அகலம், சின்னப் பிள்ளை முழுங்குனா சரியா தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல போய் மாட்டிக்கும். நிறைய பேர் என்ன நெனைக்கிறாங்கன்னா, செல் உடைஞ்சு உள்ள இருக்கற ஆசிட் கசிஞ்சாதான் ஆபத்துன்னு. அப்படி இல்லம்மா. செல் முழுசா நல்லாவே இருக்கும், ஆனா எச்சியில ஈரம் பட்டதும் கரண்ட் பாய ஆரம்பிச்சிரும், செல்லோட ஒரு பக்கத்துல சோடா உப்பவிட பல மடங்கு காரமான காரம் உண்டாகி அந்த எடத்து சதையை கரைச்சிரும். ரெண்டு மணி நேரம் போதும் உள்ள மோசமா வெந்து புண்ணாகறதுக்கு. லைட் எரியாத அளவுக்கு தீந்து போன செல்லுன்னு நெனைப்போம், அதுலயும் இதப் பண்ற அளவுக்கு கரண்ட் மிச்சம் இருக்கும்.

நான் பாத்த ஒரு பிள்ளை, ரெண்டு வயசு ஆகல. அண்ணன் ஏதோ ஒரு ஃபங்ஷன்ல வாங்கிட்டு வந்த லைட்டு. சாப்பிட மாட்டேங்குது, எச்சி ஒழுகுது, லேசா இருமல்னு தூக்கிட்டு வந்தாங்க, சளின்னு நெனைச்சு மொதல்ல ஒரு எடத்துல மருந்து குடுத்து அனுப்பியிருக்காங்க, மறுநாள் எங்ககிட்ட வந்தப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா வட்டமா ஒண்ணு. அம்மா காசுதான் முழுங்கிட்டான் போலன்னு சொல்றாங்க. காசுன்னா ஓரம் ஒரே கோடா தெரியும், இது ஓரத்துல வளையத்துக்குள்ள இன்னொரு வளையம் மாதிரி ரெட்டையா தெரிஞ்சது. டாக்டர் அதப் பாத்ததும் ஃபைல கூட மூடாம ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாரு. பிள்ளை பொழச்சிட்டான், ஆனா ஆறு மாசம் வயித்துல ட்யூப் வழியாத்தான் சாப்பாடு, அதுக்கப்பறமும் உணவுக்குழாய் சுருங்கிப் போயி திரும்பத் திரும்ப வந்து விரிச்சு விட்டுட்டுப் போவாங்க.

உன் பையன் முழுங்க மாட்டான், அவனோட ஃப்ரெண்டும் முழுங்க மாட்டான். அவங்க வீட்ல தவழ்ற தம்பி தங்கச்சி இருக்கும்ல, அதுங்கதான்.

மடிப்பாக்கம்_அம்மா:
அக்கா கை நடுங்குது. எங்க வீட்லயே ரெண்டாவது பொண்ணுக்கு ஒண்ணரை வயசு. நீங்க எழுதினத படிச்சிட்டு உடனே அந்த கீசெயின் லைட்ட எடுத்துப் பாத்தேன். ஸ்க்ரூ எதுவும் கிடையாது, ரெண்டு ப்ளாஸ்டிக் மூடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு அழுத்தி வெச்சிருக்காங்க அவ்ளோதான், நகத்த ஓரத்துல குடுத்து நெம்பினேன், டப்புன்னு தொறந்து செல் தரையில உருண்டு சோஃபாவுக்கு அடியில போயிடுச்சு. நான் அத பாக்காம இருந்திருந்தா? எடுத்து டேப் சுத்தி அலமாரி மேல வெச்சுட்டேன். ஒருவேளை முழுங்கிட்டா என்ன பண்ணணும், அதையும் சொல்லுங்க அக்கா.

நர்ஸக்கா_மதுரை:
டேப் சுத்துனது ரொம்ப சரி. முழுங்கிருச்சுன்னு சந்தேகம் வந்தாலே, பாத்தேன் பாக்கல எதுவும் யோசிக்காம, எக்ஸ்ரே இருக்கற ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிரணும். போறப்பவே "பட்டன் செல் முழுங்கிருக்கலாம்"னு வாயத் தொறந்து சொல்லணும், அந்த ஒரு வார்த்தை சொன்னாதான் வரிசைல நிக்க விடமாட்டாங்க. வாந்தி எடுக்க வெக்கக் கூடாது, வாழைப்பழம் சோத்து உருண்டை குடுக்கவே கூடாது. ஒரு வயசு தாண்டின பிள்ளைன்னா, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, வழியில 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் குடுக்கலாம், 6 தடவை வரைக்கும். தேன் அந்தக் காரம் அரிக்கறத கொஞ்சம் தள்ளிப் போடும், 2018ல இத ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. ஆனா தேன் வாங்கறதுக்குன்னு வண்டிய நிறுத்தாதீங்க, வீட்ல கைக்கெட்டுற எடத்துல இருந்தா மட்டும். ஒரு வயசுக்குள்ளன்னா தேன் கூடவே கூடாது. மூக்குல காதுல போட்டுக்கிட்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து எதுவும் ஊத்தாம ஓடி வாங்க.

சௌகார்பேட்டை_ரெகுலர்:
அக்கா நீங்க சொல்றது புரியுது, ஆனா இப்டி பாத்தா வீட்ல எதையும் வெச்சுக்க முடியாதே. எடை மெஷின்ல இருக்கு, கார் சாவில இருக்கு, பாட்டுப் பாடற வாழ்த்து அட்டையில இருக்கு. 7 வயசுக்கு மேல உள்ள பசங்களுக்குத்தான குடுக்கறோம், அந்தந்த வீட்டு அம்மா அப்பா பாத்துக்க மாட்டாங்களா? ஸ்க்ரூ போட்ட டார்ச் எடுத்தா அந்தக் குட்டி ஸ்க்ரூ ரெண்டு தடவை திருப்பினதும் மழுங்கிடும், அப்பறம் செல்லே மாத்த முடியாது, தூக்கித்தான் போடணும்.

நர்ஸக்கா_மதுரை:
தம்பி, எடை மெஷின நான் 40 வீட்டுக்கு பரிசா குடுக்கலயே. நம்ம கையால பிள்ளைங்க கையில குடுக்கறதுக்கு நாமதானே பொறுப்பு. அமெரிக்காவுல 2020ல ரீஸ்ங்கற ஒண்ணரை வயசுக் குழந்தை ரிமோட்ல இருந்த பட்டன் செல்ல முழுங்கி இறந்துபோச்சு, அவ அம்மா போராடி 2022ல அந்தக் குழந்தை பேர்லயே சட்டம் வந்துச்சு, ஸ்க்ரூ போட்டோ, அழுத்தறது திருப்பறதுன்னு ரெண்டு வேலைய ஒரே நேரத்துல செஞ்சாத்தான் தொறக்கற மாதிரியோதான் மூடி இருக்கணும்னு. நம்ம நாட்டுலயும் 2021 ஜனவரி 1லேர்ந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்க 50 பீஸ்ல ஒண்ணு மிச்சம் இருந்தா அதுல அந்த முத்திரை இருக்கான்னு எடுத்துப் பாருங்க, நகத்தால தொறக்குதான்னும் பாருங்க. சண்டைக்கு சொல்லல தம்பி.

ஒத்த_செல்:
அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, வேற எத வாங்கலாம்ங்கறத நான் சொல்றேன். எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்ல இருக்கேன், டார்ச் பிரிச்சுப் பாக்கறது எனக்கு ரொம்ப நாளா பழக்கம்.

சுவர் கடிகாரத்துக்குப் போடுவோமே, பென்சில் செல், டபுள் ஏ. அதுல ஓடற டார்ச் எடுங்க. அந்த செல் 5 சென்டிமீட்டர் நீளம், கொழந்த வாயில வெச்சாலும் லேசுல முழுங்க முடியாது. அதுலயும் ரெண்டு விதம் இருக்கு. ஒரு செல் போடறது, ரெண்டு செல் போடறது. வெள்ளை எல்இடி எரியணும்னா சுமாரா 3 வோல்ட் வேணும், ஒரு செல் குடுக்கறது 1.5 தான். அதனால ஒத்த செல் டார்ச்சுக்குள்ள ஒரு சின்ன காயில் வெச்ச சர்க்யூட் இருக்கும், அதுதான் வோல்டேஜ ஏத்திக் குடுக்கும், செல் முக்காவாசி தீந்த பிறகும் உறிஞ்சி எரிய வெக்கும். சுவர் கடிகாரத்துல ஓடாதுன்னு கழட்டிப் போட்ட செல்ல இதுல போட்டுப் பாருங்க, மங்கலா எரியும். கொழந்தைங்களுக்கு இதுதான் என் சாய்ஸ், ஏன்னா பொட்டிக் கடையில ஒரே ஒரு செல் வாங்கினாப் போதும், ப்ளஸ் மைனஸ் மாத்திப் போடற குழப்பமும் கம்மி.

ரெண்டு செல் டார்ச்ல பெரும்பாலும் சர்க்யூட்டே இருக்காது, நேரா எல்இடிக்குப் போகும். விலை கொறையும், ஆனா செல் கொஞ்சம் எறங்கினதும் வெளிச்சம் டல்லாயிடும். 9 எல்இடி வெச்சு அலுமினியம் பாடியில வருமே, அது மூணு சின்ன ரிமோட் செல், ஒரு ப்ளாஸ்டிக் கூட்டுக்குள்ள மாட்டி உள்ள தள்ளணும். பாக்க ஜோரா இருக்கும், ஆனா அந்தக் கூட்டத் திருப்பிப் போட்டா எரியாது, பசங்களால சரியா மாட்ட முடியாது, அத வேணாம்னு சொல்வேன்.

இன்னும் ரெண்டு வேணாம். பின்னாடி ரெண்டு பின் தள்ளி நேரா ப்ளக் பாயின்ட்ல சொருகற சார்ஜ் டார்ச் வருமே, மலிவா வர்றதுல உள்ள ட்ரான்ஸ்ஃபார்மரே இருக்காது, ஒரு கப்பாசிட்டர் மட்டும்தான், அதாவது உள்ள ஓடறது கிட்டத்தட்ட வீட்டுக் கரண்டேதான். மூடி உடைஞ்சத ஒரு பையன் சொருகிட்டுத் தொட்டா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. இன்னொண்ணு, டார்ச்சோட செவப்பு லேசரும் சேந்து வர்றது. ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் அடிப்பாங்க, கண்ணுக்குள்ள விழித்திரைல புள்ளி விழுந்தா திரும்ப வராது. இருட்டுல 40 பசங்க ஓடப் போறாங்க, லேசர் கிட்டயே போகாதீங்க.

கடையில பாக்க வேண்டியது: ஸ்விட்ச்ச 20 தடவை போட்டு அணைச்சுப் பாருங்க, அதுலதான் மொதல்ல போகும். முன்னாடி கண்ணாடிய கட்டைவெரலால அழுத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா ஒட்டு சரியில்ல. பின்மூடியத் திருப்பி உள்ள இருக்கற ஸ்ப்ரிங் கலர் பாருங்க, பளபளன்னு இருக்கணும், பச்சை பூத்திருந்தா அது ரொம்ப நாள் குடோன்ல கெடந்த சரக்கு. லேசா உள்ளங்கையில தட்டுங்க, தட்டும்போது மினுமினுத்தா வேண்டாம். மூடி மட்டும் மழுங்காம திருகு மரையோட இருக்கட்டும், டபுள் ஏ செல்லுன்னா குட்டி ஸ்க்ரூவே தேவையில்ல, ரெகுலர் அண்ணன் சொன்ன பிரச்சனையும் வராது.

பேராவூரணிக்காரன்:
ஒத்த செல் அண்ணே சொன்ன "பொட்டிக் கடையில கெடைக்கணும்"ங்கறத நான் வழிமொழியிறேன். எங்க ஊர்ல இன்னைக்கும் டார்ச்சுன்னு சொல்ல மாட்டாங்க, பேட்டரி லைட்டுதான், மூணு கட்டை, அஞ்சு கட்டைன்னு செல்லு எண்ணிக்கைய வெச்சுதான் பேரே. எங்க அப்பா பித்தளை மூணு கட்டை எவரெடி வெச்சிருந்தாரு, ராத்திரி பம்பு செட்டு போட கெளம்புனா கட்டிலுக்கு அடியில கை போயி அத எடுத்துட்டுத்தான் செருப்பே மாட்டுவாரு. வரப்புல கட்டுவிரியன் படுத்திருக்கும், பகல்ல அசையாது, அது ராத்திரி சுத்தற பாம்பு, வெளிச்சம் இல்லாம காலு வெச்சா முடிஞ்சுது.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சப்ப வீட்டுல எல்லாருகிட்டயும் செல்ஃபோன் இருந்துச்சு. ரெண்டாம் நாள் எல்லா ஃபோனும் செத்துருச்சு. தென்னையெல்லாம் ரோட்டுல கெடக்கு, கம்பம் பூரா சாஞ்சு கெடக்கு, எங்க தெருவுக்கு கரண்டு வர ஒரு மாசம் ஆச்சு. நிவாரணமா வந்த சாமான்ல சார்ஜ் போடற லைட்டு நெறைய வந்துச்சு, எதுல சார்ஜ் போடறது? கடைசியில கை குடுத்தது எங்க அப்பாவோட அந்தப் பித்தளை லைட்டும், கடையில நனையாம மிஞ்சுன நாலு கட்டையும்தான். என் அக்கா மகன் அப்ப ஆறாவது, அவனுக்கு மட்டும் ஒரு சின்ன பென்சில் செல் லைட்டு இருந்துச்சு, அந்தத் தெருவுல ராத்திரி ஒண்ணுக்குப் போற பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் அவன்கிட்ட வந்து வாங்கிட்டுப் போகும், குடுத்துட்டு திண்ணையில இருட்டுல ஒக்காந்து திரும்பி வரட்டும்னு காத்துகிட்டு இருப்பான்.

அதனால அக்கா, டார்ச் குடுக்கறது ரொம்ப நல்ல முடிவு. டிசம்பர்ல மெட்ராஸ்ல உங்களுக்கும் வர்தா, மிக்ஜாம்னு மாத்தி மாத்தி வருது. எரியற சாமானா குடுங்க.

யாழ்_பிள்ளை:
வணக்கம், நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் ரோச் லைற் எண்டு சொல்லுறது. 2022ல மார்ச் மாசக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள், மெழுகுதிரியும் விலை, மண்ணெண்ணெயும் இல்லை. அந்த வருசம் அக்கான்ர மகளின்ர பிறந்தநாளுக்கு கேக் செய்ய சமையல் காஸும் இல்லை, மாவும் இல்லை, வந்த பத்துப் பிள்ளையளுக்கும் ஒவ்வொரு ரோச்சும் ரெண்டு பற்றறியும் குடுத்தனாங்கள். அம்மாமார் வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. ஒரு சின்ன விசயம் சொல்லவேணும், பற்றறியை உள்ளுக்குப் போட்டுக் குடுக்காதேங்கோ, பக்கத்தில வைச்சுக் குடுங்கோ. சில பிள்ளையள் மேசை லாச்சிக்குள்ள வைச்சிட்டு ஒரு வருசம் தொடாதுகள், பற்றறி ஊறி உள்ளுக்கு எல்லாம் கறள் பிடிச்சிடும். மற்றது, கையில கொழுவுற கயிறு ஒண்டு கட்டிவிடுங்கோ, ஓடேக்க கீழ விழாது.

கோவை_ராஜவீதி:
வெளையாட்டுக்கு ஒண்ணு சொல்றனுங். செவப்பு, பச்சை, நீல கண்ணாடிப் பேப்பர் வாங்கி வட்டமா வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு டார்ச் வாயில மாட்டிவிட்டுருங்க, மூணு டீம் ஆச்சு. மூஞ்சில அடிச்சாலும் கண்ணு கூசாது. செவப்பும் பச்சையும் ஒரே எடத்துல அடிச்சா செவுத்துல மஞ்சளா தெரியும், பசங்க அத நம்பவே மாட்டாங்க, எங்க வீட்டுல அத வெச்சே ஒரு மணி நேரம் போச்சுங். கேக் வெட்டறதுக்கு முன்னாடி செவுத்துல கையால மான், முயல், கொக்கு நெழல் காட்டச் சொல்லுங்க, தாத்தா யாராவது இருந்தா அவங்களுக்குத்தான் நல்லா வரும்.

சௌகார்பேட்டை_ரெகுலர்:
நர்ஸக்கா, நேத்து ராத்திரி தேடி எடுத்தேன். போன வருஷ மிச்சம் 3 பீஸ் பீரோவுல இருந்துச்சு. முத்திரை எதுவும் இல்ல. மூணும் நகத்தால தொறந்துச்சு, ஒண்ணு கீழ போட்டதுக்கே பொளந்துக்கிச்சு. அக்கா கிட்ட சொல்லி அந்த 47 வீட்டு வாட்ஸ்ஆப் க்ரூப்ல மெசேஜ் போட்டாச்சு, லைட் இருந்தா செல்ல எடுத்து டேப் சுத்தி எங்ககிட்ட குடுத்துடுங்கன்னு. இதுவரைக்கும் 31 பேர் பதில் போட்டிருக்காங்க. மிச்சம் 16 பேருக்கு ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணிட்டிருக்கேன். இவ்ளோ நாள் தெரியாம இருந்துட்டேன், சொன்னதுக்கு நன்றி அக்கா.

நர்ஸக்கா_மதுரை:
தம்பி, நீ பண்ணிட்டு இருக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு உனக்குத் தெரியாது. நல்லா இருப்ப.

மடிப்பாக்கம்_அம்மா:
அப்டேட் சொல்லணும்னு வந்தேன். செவ்வாய்க்கிழமை காலைல 10 மணிக்கு போனேன், ரெகுலர் அண்ணன் சொன்ன மாதிரி மாடிக் கடையாப் பாத்து ஏறினேன். மொத கடையில ஒத்த செல் டார்ச் 38 ரூபா சொன்னாங்க, 5 எடுத்து பிரிச்சுப் பாத்தேன், கடைக்காரர் மொறைச்சாரு, நான் விடல. அதுல ரெண்டு டார்ச், தட்டினாலே அணையுது, ஒண்ணுல ஸ்ப்ரிங்கே பச்சையா இருந்துச்சு. நன்றி சொல்லிட்டு எறங்கிட்டேன். மூணாவது கடையில ஒரு பெரியவர் இருந்தாரு, நான் செல்ல கையிலயே எடுத்துட்டுப் போயிருந்தேன், அதப் பாத்ததும் "தெரிஞ்சு வந்திருக்கீங்கம்மா"ன்னு சொல்லி அவரே ஒவ்வொண்ணா போட்டுக் காட்டினாரு. 44 ரூபா, கயிறோட, திருகு மூடி, 45 எடுத்தேன், அதுல 2 எரியல, அங்கயே மாத்திக் குடுத்தாரு. செல் தனியா டஜன் கணக்குல தலைக்கு 9 ரூபா விழுந்துச்சு. மொத்தம் 53. மிச்சம் 7 ரூபால கண்ணாடிப் பேப்பர், ரப்பர் பேண்ட், அப்பறம் ஒரு சின்ன சீட்டு அடிச்சு வெச்சேன், "வேலை முடிஞ்சதும் செல்ல கழட்டி வைங்க, வீட்ல பட்டன் செல் லைட் இருந்தா குட்டிப் பாப்பாக்கு எட்டாம வைங்க"ன்னு. சாக்லேட்டும் புக்கும் போச்சு, பரவால்ல.

நேத்துதான் பர்த்டே. லைட்ட அணைச்சதும் ஹால்ல ஒரே கத்தல், அப்பறம் ஒரு நிமிஷம் அப்டியே அமைதி, 40 வெளிச்சமும் சீலிங்ல போய் நிக்குது. கீழ் வீட்டுத் தாத்தா கொக்கு காட்டினாரு, கோவைக்காரர் சொன்ன மாதிரியே. செவப்பு டீம் பையன் ஒருத்தன் பச்சை டீம் பொண்ணோட வெளிச்சத்து மேல அவன் வெளிச்சத்த வெச்சிட்டு "ஆன்ட்டி மஞ்சள் யாரு அடிக்கறா?"ன்னு கேட்டான். என் பொண்ணு ஒண்ணரை வயசு, அவளும் ஒண்ணு கேட்டு அழுதா. குடுத்தேன். மூடிய இறுக்கித் திருகிட்டு குடுத்தேன், வாயில வெச்சா, கடிச்சா, ஒண்ணும் ஆகல, அதப் பாத்து எனக்குதான் கண்ணு கலங்கிடுச்சு.

நாலு பீஸ் மிச்சம் இருக்கு. மூணு எங்க வாட்ச்மேன் அண்ணன் பசங்களுக்கு. ஒண்ணு கிச்சன் ஆணியில மாட்டியாச்சு, செல் பக்கத்துலயே டப்பால.

பேராவூரணிக்காரன்:
அக்கா, அந்தப் பெரியவர் கடை அடையாளம் தனி மெசேஜ்ல அனுப்பி விடுங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், எங்க தெரு பிள்ளைங்களுக்கு முப்பது எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். செல்லு ஊர்க் கடையிலயே வாங்கிக்கறேன்.